கல் தூசியும் உயிரணுக்களின் அபாய அறிவிப்பும்

மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில், தமிழகம், ஆந்திரம் ஆகிய இரண்டின் எல்லைகளுக்கும் அண்மையில் அமைந்துள்ளது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு சுரங்க வேலையை மேற்கொண்டது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி முற்றிலும் நிறுத்தப்பட்டது வரை, ஏறத்தாழ ஐந்து கோடி டன் கல் உடைக்கப்பட்டுச் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்பின் ஒரு டன் கல்லுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு சவரன் தங்கமே. எஞ்சிய கல் பொடியாயிற்று. அப்பொடியின் பெரும்பகுதி, சயனைடு மேடு என்று மக்கள் வழங்கும் குன்றுகளாக ஊர் நடுவே இன்றும் நிற்கின்றது. மிகச் சிறியதொரு பகுதி, கல்லை உடைத்தவர்களின் மார்புக்குள் சென்று தங்கியது.

அவ்வாறு உடைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தமிழ் மக்கள். இவர்களிடையே மூச்சுத் திணறலும் வறட்டு இருமலும் நெடுங்காலமாகக் காணப்பட்டன. 1940-க்குப் பின் எக்ஸ்ரே படங்களின் உதவியால் விரிவாக ஆராயப்பட்டு 1947-இல் வெளிவந்த ஆய்வு, இந்திய நாட்டில் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கையாக மருத்துவ நூல்களில் குறிக்கப்படுகின்றது. சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. பத்துப் பேர் கூண்டில் இறங்கினால் அவருள் நால்வர் நோயாளிகள் என்பது இதன் பொருள்.

இந்நோயின் இயல்பில் விந்தையானது ஒன்றுண்டு. சுரங்கத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், ஒரு துளித் தூசியும் புதிதாக உட்செல்லாத நிலையிலும், நோய் வளர்ந்துகொண்டே போகும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் நன்றாக நடமாடியவர், பத்தாண்டுகளுக்குப் பின் பத்தடி நடக்க இயலாதவராக ஆவதுண்டு. இது ஏன் என்பதற்கு நீண்ட காலம் தெளிவான விடை இல்லை. கூர்மையான கல் நுரையீரலைக் கீறிப் புண்ணாக்குகின்றது என்று ஒரு காலத்தில் கருதினர். விளங்கிக்கொள்ள எளிய கருத்தாயினும் இது சரியன்று. கீறலே காரணமாயின், அதைப்போன்று கடினமான வேறு பொடிகளும் இதே கேட்டை விளைவித்திருக்க வேண்டும். உண்மையான விடை, உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் முறையில் அடங்கியிருக்கின்றது.

முதலில் தூசியின் அளவைக் காண்போம். கோலாரில் தங்கம், கருமையான ஹார்ன்பிளெண்டுப் பாறையின் ஊடே ஓடும் குவார்ட்சு நரம்புகளில் நுண்துகள்களாகப் பொதிந்திருந்தது. நம் வயல் வரப்புகளில் வெங்கச்சங்கல் என்று சிறுவர் பொறுக்கி விளையாடும் வெண்ணிறக் கல்லே குவார்ட்சு. இரசாயன வகையில் அது படிகச் சிலிக்கா. துளையிடும் கருவியும் வெடிமருந்தும் இதனை உடைக்கும்போது பல அளவுத் துகள்கள் எழுகின்றன. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மூச்சுக் குழல்களில் படிபவற்றை அங்குள்ள நுண்மயிர்கள் மேலே தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஐந்து கூறுக்கும் குறைவான துகள்களே நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்று நுண்ணறைகளை எட்டுகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படாதவை. எனவே, காற்று தெளிவாகத் தோன்றுவதால் தூசி இல்லை என்று கொள்வதற்கில்லை. ஆசிரியர்கள் இருட்டறையில் ஒரு சிறு துளை வழியே சூரிய ஒளிக்கற்றையை விட்டுக் காட்டலாம். அதில் மிதந்து தோன்றுபவை பெரும்பாலும் பருமனான துகள்களே என்பதையும், கொடியவை அவற்றினும் சிறியவை என்பதையும் மாணவர் மனத்தில் பதிய வைத்தல் வேண்டும்.

காற்று நுண்ணறைகளில் பெருவிழுங்கிகள் என்னும் உயிரணுக்கள் காவல் புரிகின்றன. அந்நியப் பொருள் எதுவாயினும் அதனை விழுங்கித் தம்முள் இருக்கும் செரிமானப் பைகளில் இட்டு, அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துவிடுவது இவற்றின் தொழில். பாக்டீரியமாயின் கரைந்துவிடும். குவார்ட்சு கரைவதில்லை. அன்றியும், புதிதாக உடைந்த குவார்ட்சின் மேற்பரப்பில் உள்ள சிலனால் என்னும் இரசாயனத் தொகுதிகள், செரிமானப் பையின் மெல்லிய சவ்வுடன் பிணைந்து அதனைச் சிதைக்கின்றன. பை கிழிந்து, அதிலுள்ள நொதிகள் உயிரணுவின் உள்ளேயே சிந்துகின்றன. இதனை அலிசன் முதலிய ஆராய்ச்சியாளர் 1966-லேயே சோதனையால் காட்டினர். ஆனால் கிழிந்த பைக்கும் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் தழும்புக்கும் இடையே நிகழ்வது யாது என்பது அன்று விளங்கவில்லை.

இங்கே சுரங்கத்திலிருந்தே ஓர் உவமை கொள்ளலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. மேலே கூண்டை இயக்கும் பொறியாளர் கீழே நிகழ்வதைக் காண இயலாது. மணி எத்தனை முறை ஒலிக்கின்றது என்பதைக் கொண்டே ஏற்றுவதா, இறக்குவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வார். உயிரணுவின் நிலையும் இதுவே. விளிம்பில் நிகழ்வதை உட்கரு நேரே அறியாது. இடையிலுள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி மணியொலி போலச் செய்தியைக் கடத்துகின்றன.

அழற்சியைத் தொடங்க இரண்டு மணிகள் ஒலித்தல் வேண்டும். முதல் மணி, 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் கண்டறிந்த என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம். சாதாரண நிலையில் வேறொரு புரதம் இதனைப் பற்றி நிறுத்தி வைத்திருக்கும். அபாயக் குறி எட்டியதும் அப்பிடி சிதைக்கப்பட, விடுபட்ட புரதம் உட்கருவினுள் புகுந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலியவற்றை ஆக்குமாறு கட்டளையிடுகின்றது. எனினும் இவ்வாறு ஆக்கப்படும் இன்டர்லூக்கின் உறையிலிட்ட வாளைப் போன்றது; அந்நிலையில் அது செயலற்றது. இரண்டாம் மணி ஒலித்தால்தான் உறை நீங்கும். செரிமானப் பை கிழிவதையும், உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதையும் ஒட்டி, என்.எல்.ஆர்.பி.-3 என்னும் புரதத்தின் மூலக்கூறுகள் பல ஒன்றுகூடி வட்டமான ஓர் அமைப்பாகின்றன. இதற்கு இன்ஃப்ளமசோம் என்று பெயர். இது காஸ்பேஸ்-1 என்னும் நொதியை விழிக்கச் செய்ய, அந்நொதி இன்டர்லூக்கினின் உறையை வெட்டி நீக்குகின்றது. அத்துடன் காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தையும் வெட்டுகின்றது. வெட்டுண்ட காஸ்டெர்மின் உயிரணுவின் சவ்வில் துளைகளை இடுகின்றது. அத்துளைகள் வழியே இன்டர்லூக்கின் வெளியே பாய்கின்றது. உயிரணுவும் பெரும்பாலும் வெடித்து இறந்துபடுகின்றது. சிலிக்காத் துகள்கள் இந்த இரண்டாம் மணியை ஒலிக்கச் செய்கின்றன என்பது 2008-ஆம் ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிறுவப்பட்டது.

இறந்த பெருவிழுங்கியின் உள்ளே இருந்த கல் என்ன ஆயிற்று என்று இப்பொழுது கேட்டுப் பார்க்க வேண்டும். அது சிறிதும் தேயாமல் வெளியே வந்து விழுந்தது. அதனை மற்றொரு பெருவிழுங்கி விழுங்கும், அதுவும் இறக்கும், கல் மீண்டும் வெளிவரும். ஒரே துகள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் புதிய அபாய அறிவிப்பை எழுப்பவல்லது. சுரங்கத்தை விட்டு வெளியேறிய பின்னும் நோய் வளர்வதற்கு இதுவே முதற் காரணம்.

வெளிவந்த இன்டர்லூக்கினும், டி.என்.எஃப். என்னும் மற்றொரு செய்திப் பொருளும், காற்று நுண்ணறையின் உட்பரப்பைப் போர்த்துள்ள உறையணுக்களைச் சென்றடைகின்றன. அவ்வணுக்கள் தாமும் வேறு செய்திப் பொருள்களைச் சுரந்து, இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அழற்சி என்னும் நம் சொல் அழல், அதாவது தீ, என்பதிலிருந்து பிறந்தது. மேனாட்டார் வழங்கும் இலத்தீன் வழிச் சொல்லும் தீயையே குறிக்கின்றது. நுரையீரலில் நிகழ்வது அணைக்கவொண்ணாத ஒரு கங்கு என்பது எம் கருத்து.

இதே செய்தி முறை குடலிலும் உண்டு. குடலின் உட்புறத்தைப் போர்த்துள்ள உயிரணுக்கள் இரவும் பகலும் கோடானுகோடி பாக்டீரியங்களின் அருகிலேயே வாழ்கின்றன. ஒவ்வொன்றைக் கண்டும் அபாய மணி அடித்தால் குடல் புண்ணாகிவிடும். ஆகையால், பாக்டீரியத்தின் கசையிழையை உணரும் டி.எல்.ஆர்.-5 என்னும் உணர்புரதம், குடலணுவின் மேற்புறத்தைவிட அடிப்புறத்திலேயே மிகுதியாக வைக்கப்பட்டுள்ளது. வேலியைத் தாண்டி வந்த பகையை மட்டும் அறிவித்தால் போதும் என்பது ஏற்பாடு. அன்றியும் குடலில் வரும் பகை கரையக்கூடியது. அது அழிந்ததும் மணி ஓய்ந்து, உட்பரப்பு சில நாள்களில் புதுப்பிக்கப்படும். நுரையீரலில் புகுந்த கல்லுக்கு இத்தகைய முடிவில்லை.

ஓயாத அழற்சியின் விளைவு தழும்பு. டி.ஜி.எஃப். பீட்டா முதலிய பொருள்களின் தூண்டுதலால், நார் ஆக்கும் உயிரணுக்கள் கொலாஜன் நார்களைச் சுருள் சுருளாக அடுக்குகின்றன. வெங்காயத்தின் மடல்களைப் போன்று அடுக்கடுக்கான சிறு முடிச்சுகள், பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில், தோன்றுகின்றன. எக்ஸ்ரே படத்தில் கடுகு தெளித்தாற்போல் தெரிபவை இவையே. 1990-இல் எலிகளில் நடத்திய ஆய்வொன்றில், டி.என்.எஃப். பொருளைத் தடுத்தபோது சிலிக்காவினால் வரும் தழும்பு பெரிதும் குறைந்தது. ஆகவே தழும்பு இடுவது கல்லன்று, உடலின் சொந்தச் செய்தியே என்பது தெளிவாயிற்று. ஆயினும் மனிதரிடத்தில் உருவான தழும்பை நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. சில புதிய மருந்துகள் நுரையீரல் தழும்பு நோய்களின் வேகத்தைத் தணிக்கின்றன, அவ்வளவே. கனடாவின் ஆன்டேரியோ மாகாணத்தில் 1943 முதல் 1979 வரை சுரங்கத் தொழிலாளரை அலுமினியப் பொடியைச் சுவாசிக்கச் செய்து நோயைத் தடுக்க முயன்றனர். அதனால் பயன் நிறுவப்படவில்லை. அவர்களிடையே பார்க்கின்சன் நோய் மிகுந்திருப்பதாக அண்மைக் கால ஆய்வு காட்டிற்று. தூசியை எழாமல் தடுப்பதே வழி. ஈரத் துளையிடுதல், காற்றோட்டம், வெடித்த பின் போதிய நேரம் காத்திருத்தல் ஆகியவை அறியப்பட்ட முறைகள். எனினும் பாறையே 60 பாகைக்கு மேல் சுடும் ஆழத்தில், நீர் தெளிப்பது புழுக்கத்தை மிகுவித்து வேறு தொல்லை தரும் என்பதையும் மறத்தலாகாது. முகத்தில் கட்டும் துண்டுத் துணி இந்நுண்துகளைத் தடுக்காது.

களப்பணியாளர் மிகவும் கருத்தில் கொள்ள வேண்டியது காசநோயுடன் இதற்குள்ள தொடர்பு. காசக் கிருமியை எதிர்க்கும் முதற் காவலும் அதே பெருவிழுங்கியே. கல்லால் நலிந்த காவலர் கிருமியை அடக்க இயலாமையால், சிலிக்கோசிஸ் உடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றையோரைவிடப் பன்மடங்கு மிகுதி. மறைந்துள்ள காசத்தொற்று இவர்களுக்கு இருக்கின்றதா என்று சோதித்துத் தடுப்பு மருந்து அளிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. மறுபுறம், சிலிக்கோசிஸ் நோயாளி ஒருவர் காசநோயாளி என்று மட்டும் பதியப்பட்டு, சளியில் கிருமி காணாத போதிலும் மீண்டும் மீண்டும் காச மருந்து உண்டு வருதலும் நிகழக்கூடியது. இப்பிழையால் அவர் உடல்நலத்தோடு உரிமையையும் இழக்கின்றார். தொழிலால் வரும் நுரையீரல் தூசி நோய்களை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தன் அட்டவணையில் ஏற்றது; 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் வைத்தது. நோயின் பெயர் தாளில் எழுதப்படாதவிடத்து, எச்சட்டமும் அவருக்கு உதவாது.

இவ்வகை ஆய்வுக்கென்றே தேசியச் சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வு நிறுவனம் 1990-இல் தங்கவயலில் தொடங்கப்பெற்று, பின்னர் நாகபுரிக்கு மாற்றப்பட்டது. 2019-இல் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. சுரங்கம் மூடப்பட்ட இக்காலத்தில், கல் குவாரி, கல் உடைக்கும் ஆலை, மணல் வீச்சுப் பட்டறை ஆகிய இடங்களில் அதே தூசி எழுகின்றது.

ஆதலின், நெடுநாள் இருமலுடன் வரும் முதியவரிடம் இப்பொழுது என்ன வேலை என்று மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. இளமையில் எங்கே வேலை செய்தார், எந்தச் சுரங்கம் அல்லது குவாரி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, துளையிடும் வேலையா, கல் வாரும் வேலையா, அரைக்கும் ஆலையா என்பவற்றைக் கேட்டுச் சீட்டில் எழுதி, எக்ஸ்ரே படத்துடன் சேர்த்து மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். பழைய சம்பளச் சீட்டோ, வேலை அடையாளச் சீட்டோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதனையும் எடுத்து வைக்குமாறு குடும்பத்தாரிடம் கூறுவது நன்று.