ஏஐசிடிஇ, நாக், என்பிஏ: எம்பிஏ கல்லூரி விளம்பரத்தில் வரும் ‘அங்கீகாரம்’ எதைச் சொல்கிறது?

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையில், திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் விசைத்தறி ஊர் பொதட்டூர்பேட்டை. இங்கே பிகாம், பிபிஏ முடித்துவிட்டு எம்பிஏ சேர நினைப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. இந்தப் பக்கம் டான்செட் எழுதி சென்னை, வேலூர் என்று போகலாம். அந்தப் பக்கம் ஐசெட் எழுதி புத்தூர், திருப்பதி என்று போகலாம். எந்தப் பக்கம் போனாலும் கல்லூரி பேனரில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “அரசு அங்கீகாரம் பெற்றது.”

யார் கொடுத்த அங்கீகாரம்? எதற்காக? எத்தனை வருடத்துக்கு? அந்த வரி இதையெல்லாம் சொல்லாது. ஆனால், கல்விக்கடனில் வட்டி மானியம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதே சில நேரம் இந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரே சொல், மூன்று அர்த்தம்

தமிழில் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

முதலாவது, அனுமதி. ஒரு படிப்பை நடத்தலாம் என்று ஒழுங்குமுறை அமைப்பு கொடுக்கும் சம்மதம். மேலாண்மைப் படிப்புகளுக்கு இதைத் தருவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், அதாவது ஏஐசிடிஇ. 1945-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்புக்கு 1987-ல் வந்த சட்டம்தான் அதிகாரம் கொடுத்தது. கட்டிடம், வகுப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை போன்ற குறைந்தபட்சத் தேவைகளை இது பார்க்கும். 2024-25 கல்வியாண்டு முதல் பிபிஏ, பிசிஏ படிப்புகளும் இதன் வரம்புக்குள் வந்துவிட்டன.

இரண்டாவது, இணைப்பு. கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருப்பது. தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம்தான். ‘எம்பிஏ’ என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகமோ, சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் தர முடியும். மற்ற தனியார் நிறுவனங்கள் தருவது ‘பிஜிடிஎம்’ என்கிற டிப்ளமோ. ஐஐஎம்களே பல ஆண்டுகள் டிப்ளமோதான் கொடுத்துவந்தன. 2017-ம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது.

மூன்றாவது, தரச்சான்று. அனுமதி வாங்கிய கல்லூரி எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு குழு வந்து மதிப்பிட்டுக் கொடுப்பது.

லைசென்ஸ் இருந்தால் வண்டி ஓட்டலாம். ஆனால் அவர் நல்ல டிரைவரா என்பதை லைசென்ஸ் சொல்லாது. அனுமதிக்கும் தரச்சான்றுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான்.

அனுமதியே இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஐஐபிஎம் வழக்கு உதாரணம். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவந்த அந்த நிறுவனம், எம்பிஏ, பிபிஏ, பி-ஸ்கூல் போன்ற சொற்களைத் தன் படிப்புகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாக், என்பிஏ: என்ன வித்தியாசம்?

இரண்டுமே 1994-ல் பிறந்தவை. இரண்டும் தரச்சான்று தருபவை. ஆனால் பார்க்கும் பொருள் வேறு.

நாக் முழுக் கல்லூரியையும் பார்க்கும். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் முன்னேற்றம், நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள். 4-க்கு மதிப்பெண். 3.51-ம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ++. பொதுவாக இந்தச் சான்று 5 ஆண்டுகள் செல்லும்.

என்பிஏ ஒரு குறிப்பிட்ட படிப்பை மட்டும் பார்க்கும். ஒரு கல்லூரியின் பொறியியல் பாடப்பிரிவு ஒன்றுக்கு என்பிஏ இருக்கலாம், அதே வளாகத்தில் நடக்கும் எம்பிஏவுக்கு இல்லாமலும் இருக்கலாம். பேனரில் வெறும் ‘என்பிஏ’ என்று மட்டும் போட்டிருந்தால், “எந்தப் படிப்புக்கு?” என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

பணத்தைத் தொடும் இடம்

சரி, சான்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். கடன் வாங்கிப் படிக்கும் வீட்டுக்கு இது நேரடியாக வலிக்கும் விஷயம்.

ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சம் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் கல்விக்கடன் வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. தொழில்நுட்பம், தொழிற்கல்விப் படிப்புகளுக்கு இது பொருந்தும். 2018-ல் இதன் விதி இறுக்கப்பட்டது. நாக் சான்று பெற்ற கல்லூரி, என்பிஏ சான்று பெற்ற படிப்பு, அல்லது மத்திய அரசின் நிறுவனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஏஐசிடிஇ அனுமதி மட்டும் இருக்கும் எம்பிஏ இந்த வரம்புக்கு வெளியே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு ரூ.2 லட்சம் வீதம் இரண்டு தவணையாக ரூ.4 லட்சம் கடன், 10 சதவீத சாதாரண வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் தவணைக்கு 3 ஆண்டு வட்டி ரூ.60 ஆயிரம், இரண்டாவதற்கு 2 ஆண்டு வட்டி ரூ.40 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சம். ஒரு சான்றிதழ் இருப்பதும் இல்லாததும் தறி வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு இத்தனை பெரிய தொகை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இன்னொரு வடிகட்டியைச் சேர்த்தது: என்ஐஆர்எஃப் தரவரிசை. அகில இந்திய அளவில் முதல் 100 இடங்களில் வரும் நிறுவனங்கள், 101 முதல் 200 வரையிலான மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் என்று சுமார் 860 இடங்கள்தான் முதல் பட்டியலில் வந்தன. இவற்றில் சேர்ந்தால் அடமானம், ஜாமீன் இல்லாமல் கடன் கேட்கலாம். வருமானம் ரூ.8 லட்சம் வரை என்றால் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

ரேங்க் பட்டியலை எப்படிப் படிப்பது?

2016 முதல் வெளிவரும் என்ஐஆர்எஃப், ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறது. கற்பித்தல் வளங்களுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சி மற்றும் வேலைவாய்ப்புக்கு 20, அனைவரையும் உள்ளடக்குவதற்கு 10, வெளிப்பார்வை மதிப்புக்கு 10.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தரவைக் கொடுப்பது கல்லூரியேதான். ஒரு நன்மையும் உண்டு. கொடுத்த தரவை எல்லோரும் பார்க்கும்படி இணையதளத்தில் போட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். பேனரில் இருக்கும் ‘அதிகபட்ச சம்பளம்’ ஒரே ஒருவருடையது. இடைநிலைச் சம்பளம் என்பது வரிசையில் நடுவில் நிற்பவருடையது. நமக்குக் கிடைக்க வாய்ப்புள்ளது எது என்று யோசித்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

சான்றையே நம்பலாமா?

இந்தக் கேள்வியும் சும்மா வரவில்லை. 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ++ கொடுக்க லஞ்சம் வாங்கியதாகச் சொல்லி, நாக் ஆய்வுக் குழுவின் தலைவர் உட்பட 10 பேரை சிபிஐ கைது செய்தது.

நேரில் வந்து பார்க்கும் குழுவின் கையில் இவ்வளவு எடை இருந்தால் இப்படித்தான் ஆகும் என்ற விமர்சனம் அதற்கு முன்பே இருந்தது. முன்னாள் இஸ்ரோ தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, ஏ, பி, சி கிரேடுகளை விட்டுவிட்டு ‘சான்று பெற்றது’, ‘பெறவில்லை’ என்ற இருநிலை முறைக்கு மாறப்போவதாக 2024 ஜனவரியிலேயே அறிவிப்பு வந்தது. மேலே போக விரும்பும் நிறுவனங்களுக்கு 1 முதல் 5 வரை நிலைகள். நேரடி ஆய்வைவிடத் தரவை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு முக்கியத்துவம் என்பதுதான் இதன் அடிப்படை.

‘மூன்று கிரீடம்’ என்றால் என்ன?

பெரிய பி-ஸ்கூல்களின் இணையதளங்களில் ‘டிரிபிள் கிரவுன்’ என்று பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி (1916), பிரிட்டனின் ஆம்பா (1967), ஐரோப்பாவின் ஈக்விஸ் (1997) ஆகிய மூன்று சான்றும் ஒரே பள்ளியிடம் இருப்பது. இந்தியாவில் இதை முதலில் எட்டியது ஐஐஎம் கல்கத்தா. ஈக்விஸை முதலில் வாங்கியது ஐஐஎம் அகமதாபாத், 2008-ல்.

மூன்றும் பார்ப்பது ஒன்றல்ல. ஈக்விஸ் சர்வதேசத் தொடர்பையும் தொழில்துறைத் தொடர்பையும் அழுத்திக் கேட்கும். ஆம்பா, எம்பிஏ என்றால் மாணவருக்குக் குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும் என்று சொல்லும். டிகிரி முடித்த கையோடு எம்பிஏ சேரும் நம் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

சான்று தரும் அமைப்புகளே காலத்துக்குக் காலம் மனசு மாறியிருக்கின்றன என்பதுதான் சுவாரஸ்யம். 1959-ல் அமெரிக்காவில் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் வந்த இரண்டு அறிக்கைகள், பிசினஸ் படிப்பில் கல்விக்கனம் இல்லை என்று கடுமையாகச் சாடின. உடனே எல்லோரும் ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2005-ல் வாரன் பென்னிஸ், ஜேம்ஸ் ஓடூல் என்ற இரு பேராசிரியர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்கள்: கட்டுரை எழுதத் தெரிகிறது, தொழில் நடத்தச் சொல்லித்தரத் தெரிகிறதா?

ஏஏசிஎஸ்பியின் விதிகள் இந்த ஊசலாட்டத்தைக் காட்டுகின்றன. 1991-ல், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதை விட்டு, பள்ளி தனக்கென்று சொல்லும் நோக்கத்தை வைத்து மதிப்பிடத் தொடங்கியது. 2020 விதிகளில் சமூகத் தாக்கம் ஒரு தனி அளவுகோலாகவே வந்துவிட்டது. பள்ளி இருப்பதால் சமூகத்துக்கு என்ன நடந்தது என்று காட்ட வேண்டும்.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

நூல் விலை ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். கூலி அதே வேகத்தில் மாறாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவச மின்சாரம் உண்டு, அதற்கு மேல் போனால் செலவு. இடைத்தரகரை விட்டு நேரடியாக ஆன்லைனில் விற்க முடியுமா? சரக்கு தேங்கினால் வட்டி யார் கட்டுவது? இவை எல்லாமே எம்பிஏ பாடங்கள்தான். நிதி, விநியோகம், சந்தைப்படுத்தல் என்று பெயர் மட்டும் வேறு.

சுற்றுவட்டாரக் கல்லூரி தன் மாணவர்களை இந்தத் தறிக்கூடங்களில் புராஜெக்ட் செய்ய அனுப்பினால், புதிய அளவுகோல்களின்படி அது மதிப்பெண் பெறும் வேலை. மாணவருக்கும் காப்பி அடித்த புராஜெக்ட்டைவிட இன்டர்வியூவில் பேச ஒரு நிஜ அனுபவம் கிடைக்கும். டாலரில் கட்டணம் கட்டி வெளிநாட்டுச் சான்று வாங்க முடியாத கல்லூரிகூட இதைச் செய்யலாம்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

* ஏஐசிடிஇ இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான அனுமதிப் பட்டியலில் கல்லூரி பெயரும் படிப்பின் பெயரும் இருக்கிறதா?
* நாக் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? பழைய கிரேடு பேனரில் தங்கிவிடுவது உண்டு. ஆய்வுக் குழுவின் அறிக்கையையும் படியுங்கள். குறைகள் அதில் இருக்கும்.
* என்பிஏ இருந்தால், எம்பிஏவுக்கா, வேறு படிப்புக்கா?
* என்ஐஆர்எஃப்புக்குக் கொடுத்த தரவில் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு? சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை?
* வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலை எம்பிஏ படிப்பவர்கள், அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.
* வட்டி மானியம் இந்தக் கல்லூரிக்கு உண்டா என்று வங்கியில் கேளுங்கள். அட்வான்ஸ் கட்டிய பிறகு அல்ல, கட்டுவதற்கு முன்பு.

இதையெல்லாம் போனிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அட்மிஷன் ஆபீஸில் “எல்லா அங்கீகாரமும் இருக்குங்க” என்று சொன்னால், “அனுமதியா, இணைப்பா, தரச்சான்றா?” என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அந்தக் கல்லூரியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.