மணிலா எண்ணெய் காறுவது ஏன்?

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் மணிலாவை ஆட்டி, மேல்பட்டாம்பாக்கத்து வீடுகளில் ஆண்டு முழுமைக்கும் எண்ணெய் சேமிப்பதுண்டு. செக்கிலிருந்து வந்த நாளில் மணத்த எண்ணெய் சில மாதங்களில் தொண்டையைக் கமறச் செய்கிறது. இது செக்காட்டியவரின் சூதன்று. எண்ணெயினுள் தானே பிறக்கும் ஹைட்ரோபெராக்சைடின் வேலையாகும்.

இதன் உறவினரை நெசவாள அங்கத்தினர்கள் அறிவார்கள். நூலை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் கைகோத்து நிற்க, இருபுறமும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலி அமர்ந்தால், அதுவே நாம் கூறும் பொருள். ஆக்ஸிஜன்கள் கோத்த அக்கை மிகவும் வலுவற்றது. கார்பன் இணைப்பின் வலிமையில் ஏறக்குறைய பாதியே.

மணிலா எண்ணெயிலுள்ள லினோலியிக் அமிலத்தில் இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவேயுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். வெயிலோ, சூடோ, செம்பின் சிறு துணுக்கோ அதைக் கழற்றினால், காற்றின் ஆக்ஸிஜன் அங்கே வந்து அமர்கிறது. அமர்ந்தது அண்டைச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பிறகு பெராக்சைடு இரண்டாக உடைந்து, இரண்டு புதிய பறிப்பாளர்களை உண்டாக்குகிறது. வட்டி குட்டி போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை! பழைய எண்ணெயின் அடிமண்டியில் புது எண்ணெயை ஊற்றலாகாது என்பதும் இதனாலேயே.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடை இல்லை. அது உடைந்து பிறக்கும் ஹெக்ஸனால் முதலியவையே நாறுகின்றன. எனவே மூக்கு அறியுமுன்பே கேடு தொடங்கிவிடும். பரிசோதனைச் சாலையில் எண்ணெயுடன் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்து, வெளிப்படும் அயோடினை அளந்து பெராக்சைடு எண்ணைக் கணிப்பர். சர்வதேச கோடெக்ஸ் விதிப்படி செக்கெண்ணெய்க்கு 15, சுத்திகரித்த எண்ணெய்க்கு 10 உச்ச வரம்பு. ஆயினும் முற்றக் காறிய எண்ணெயில் பெராக்சைடு உடைந்து தீர்ந்து, எண் மீண்டும் இறங்கக்கூடும். ஆதலால் எண்ணை மட்டும் நம்பி விலை பேசுவது சரியன்று. முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

நல்லெண்ணெய் நெடுநாள் தாங்குவதற்கு, அதிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் பறிப்பாளருக்குத் தம் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுப்பதே காரணம். மணிலா எண்ணெய்க்கு அவ்வளவு காவல் இல்லை. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் வாய்வரை நிரப்பி, இருட்டில் வைக்கவும்.

தறிக்கூடத்தாருக்கும் ஒரு சொல். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த பஞ்சுக்கழிவைக் குவித்து வைத்தால், இதே வினையின் சூடு உள்ளேயே தங்கி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். அதை விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்தில் போடுங்கள்.