பழைய டைல்ஸுக்கு மேல் புது டைல்ஸ் பதிக்கலாமா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், அல்லது கொழும்பில் வேலை செய்யும் மகன் கொஞ்சம் பணம் அனுப்பியதும், நமது தோட்டத்து வீடுகளில் எழும் பேச்சு நிலத்துக்கு டைல்ஸ் போடுவதைப் பற்றியதாக இருக்கிறது. சாணி மெழுகிய மண் நிலமாக இருந்து, பிறகு சிவப்புச் சீமெந்து நிலமாக மாறிய காம்பராக்களில், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பே டைல்ஸ் போட்டவர்களும் உண்டு. அவை இப்போது மங்கி, மூலை உடைந்து, இடைக்கோடுகள் கறுத்துப் போயிருக்கின்றன. மேசன் பாஸிடம் கேட்டால், "ஒடைச்சா ரெண்டு நாள் கூலி, குப்பை வேற அள்ளணும். அப்படியே மேல போட்டுரலாம்" என்கிறார். வீட்டிலுள்ள அப்பாயியோ, "பழசு மேல புதுசு நிக்குமா?" என்று கேட்கிறார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய டைல்ஸ் கீழே உறுதியாகப் பிடித்து, மட்டமாக, காய்ந்து இருந்தால் அதற்கு மேலே பதிக்கலாம். உலகெங்கும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு வருடத்து அழகுதான்.

உறுதியைப் பார்க்க மேசன் தேவையில்லை. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அல்லது ஒரு சிறு மரக்கட்டையால் ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். கீழே சாந்து நிறைந்திருந்தால் இறுக்கமான சத்தம் வரும். பிடி விட்டிருந்தால் வெற்று டப்பாவைத் தட்டியது போல 'டொக்' என்று கேட்கும். அப்படிக் கேட்கும் டைலில் சோக்கட்டியால் ஒரு குறி போடுங்கள். முழுக் காம்பராவையும் தட்டி முடித்தபின் குறிகளை எண்ணுங்கள். பத்துக்கு ஒன்று என்றால், அவற்றை மட்டும் பெயர்த்து, அந்தப் பள்ளத்தைச் சாந்தால் மட்டம் செய்து காயவிட்டு மேலே பதிக்கலாம். நான்கில் ஒன்றுக்கு மேல் என்றால் தயங்காமல் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிடுங்கள். அசையும் பல்லுக்கு மேல் தங்க மூடி போட்டு என்ன பிரயோசனம்?

அடுத்தது ஈரம். நமது லயங்கள் பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. பின்சுவருக்குப் பக்கத்திலேயே மண்மேடு நிற்கும். மழைத் தண்ணீர் அந்த மேட்டில் இறங்கி, அத்திவாரத்துக்கு அடியில் ஊறி, நிலத்தின் வழியாக மேலே வரப் பார்க்கும். பழைய லயங்களில் நிலத்துக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பொலித்தீன் விரிப்பு கிடையாது. இதைச் சோதிக்க இரண்டு அடிச் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேல்பக்கத்தில் மட்டும் இருந்தால் அது காற்றிலுள்ள ஈரம், பயப்பட வேண்டியதில்லை. டைல்ஸ் போட்ட நிலத்தில் ஈரம் இடைக்கோடுகள் வழியாகவே அதிகம் வரும் என்பதால், துண்டை ஒரு டைலுக்குள் அடக்காமல் கோடுகளின் மேல் விரிக்க வேண்டும்.

சோதிக்கும் காலமும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்தில் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளை, பசறை பக்கத்துக்கு வருடக் கடைசியிலும் தை மாதத்திலும் வடகீழ் மழை. உங்கள் பக்கத்து மழைக்காலத்தில்தான் பொலித்தீனை ஒட்ட வேண்டும். வெயில் மாதத்தில் எந்த நிலமும் நல்ல நிலம்தான்.

ஈரம் இருப்பது தெரிந்தால், டைல்ஸ் பணத்தில் முதல் பங்கைப் பின்பக்கத்துக் கானுக்குச் செலவழியுங்கள். கானைத் துப்பரவாக்கி, ஆழப்படுத்தி, தண்ணீர் தேங்காமல் ஓடும்படி சரிவு வைத்துச் சீமெந்து பூசினால் நிலம் மெதுவாகக் காய்ந்து வரும். கூரைத் தண்ணீரையும் பீலி வைத்து அந்தக் கானுக்கே கொண்டுபோய்விட வேண்டும். இதைச் செய்யாமல் மேலே இன்னொரு அடுக்கு போட்டு மூடினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பும். சுவரடி உப்புப் பூத்து உதிரும். மூலையில் வைத்த உடுப்புப் பெட்டி பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தொந்தரவு கூடும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். டைல்ஸை மூடுவதற்கு முன் வெடிப்புகளைப் பாருங்கள். ஒரு டைல் மட்டும் வெடித்திருந்தால் கனமான பொருள் ஏதும் விழுந்திருக்கலாம். ஆனால் வெடிப்பு ஒரு டைலிலிருந்து அடுத்ததற்குக் கோடு பிடித்தாற்போல ஓடி, சுவரடியில் தொடங்கிச் சுவரிலும் ஏறினால், அது டைல்ஸின் குறை அல்ல. கீழே மண் நகர்கிறது. கதவு, ஜன்னல் திடீரென்று இறுகிப்போவது, வாசலில் புது வெடிப்பு, மேட்டில் இதுவரை இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிவது, மரமும் கம்பமும் சாய்வது, இவையெல்லாம் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது.

பழைய நிலத்தின் வெடிப்பு, பூமி நமக்கு எழுதும் கடிதம் மாதிரி. புது டைல்ஸால் அதை மூடிவிட்டால் வாசிக்க ஆளில்லை. அப்படியான வெடிப்பு இருந்தால் டைல்ஸ் பேச்சை நிறுத்துங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, திகதியையும் எழுதி வையுங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்படி கேளுங்கள். அடைமழை நேரத்தில் இடைவெளி அகன்றால் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

நிலம் உறுதி, ஈரமில்லை, வெடிப்பில்லை என்றால் மீதி எல்லாம் வேலைத்திறன்தான். பழைய டைல்ஸின் மினுக்குப் பரப்பில் சாதாரண சீமெந்துச் சாந்து பிடிக்காது. சோப்புத் தண்ணீரால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்புக் கரி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பிறகு கிரைண்டரால் மினுக்கைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெட்டது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கியபின் சுரண்டச் சொல்லுங்கள், மூக்கு வாயை மூடச் சொல்லுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சிவப்புச் சீமெந்து நிலத்துக்கும் இதே கதைதான். வருடக்கணக்காகப் பொலிஷ் போட்டு மினுக்கிய நிலத்தில் மெழுகு ஊறியிருக்கும். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பதித்த டைல், அப்பளம் மாதிரிக் கழன்று வரும்.

ஒட்டுவதற்கு, டைலுக்கு மேல் டைல் பதிக்க ஏற்றது என்று பையில் எழுதியிருக்கும் ஒட்டுத்தூளையே வாங்க வேண்டும். பல்லு வெட்டிய கரண்டியால் அதை நிலம் முழுவதும் ஒரே சீராக இழுத்துப் பதிக்க வேண்டும். சில பாஸ்மார் டைலின் பின்னால் ஐந்து உருண்டை வைத்து அமத்திவிடுவார்கள். வேலை கெதியாக முடியும், உள்ளே வெற்றிடம் இருக்கும், தண்ணீரும் எறும்பும் அங்கே குடியிருக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள். நமது காசுதானே, கேட்பதில் வெட்கம் என்ன? இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கவும் விடாதீர்கள். 2, 3 மில்லிமீற்றர் விட்டு, மறுநாள் கிரவுட் போட வேண்டும். நுவரெலியா போன்ற குளிர் பக்கங்களில் இன்னும் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

உயரத்தை மறந்துவிடுகிறார்கள். டைலும் ஒட்டும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் நிலம் உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். இஸ்தோப்பில் போட்டு உள்ளே போடாவிட்டால், மழைத் தண்ணீர் உள்ளுக்குள் வழியும்.

டைல் தெரிவில் ஒரு வார்த்தை. கடையில் கண்ணாடி மாதிரி மினுங்குவதுதான் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மழையில் நனைந்த படங்கோடும் ஈரக் காலோடும் வேலைவிட்டு வருகிறவர்கள் நாம். இஸ்தோப்புக்கும் குசினிக்கும் மினுக்கில்லாத, சொரசொரப்பான டைலையே வாங்குங்கள். வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

லயத்துக் காம்பராவானால், வேலை தொடங்குமுன் அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லி அனுமதி வாங்குங்கள். தனி வீட்டுக்குப் பெயர் பதிந்து, இடமும் குறித்தாகிவிட்டது என்றால் காத்திருங்கள். பதித்த டைல்ஸைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது.

10 அடிக்கு 12 அடிக் காம்பராவுக்கு இரண்டடிச் சதுர டைல் 30 வேண்டும். வெட்டிலும் உடைவிலும் போவதற்கு 3 கூட்டி 33ஆக வாங்குங்கள். அதோடு இன்னும் இரண்டை வாங்கி, பெட்டியிலுள்ள நிற இலக்கத்தோடு கட்டிலுக்கு அடியில் வையுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.