இலங்கை நெருக்கடிக்கு இந்திய, பன்னாட்டு உதவிகள் (2022–2023)

2022ஆம் ஆண்டு இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார, அரசியல் நெருக்கடியின்போது இந்திய ஒன்றிய அரசு, தமிழ்நாடு அரசு, பன்னாட்டு நாணய நிதியம் ஆகியவை அந்நாட்டுக்கு உதவின. இவை ஒரே வகையான உதவிகள் அல்ல. ஒன்றிய அரசு தந்ததில் பெரும்பகுதி கடன். தமிழ்நாடு தந்தது கொடை. நாணய நிதியம் தந்தது நிபந்தனைகளுடன் கூடிய கடன்.

பின்னணி

2019ஆம் ஆண்டின் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளும் அடுத்து வந்த கொரோனாவும் சுற்றுலா வருமானத்தைக் குறைத்தன. அதே 2019இன் இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை நெல் விளைச்சலைப் பாதித்தது. டாலர் கையிருப்பு கரைந்ததால் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மருந்தும் இறக்குமதி செய்ய வழியில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தி வைத்தது. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். ஜூலை 13 அன்று நாட்டைவிட்டு வெளியேறிய கோட்டாபய ராஜபக்ச மறுநாள் பதவி விலகினார்.

ஒன்றிய அரசின் கடனுதவி

இந்தியாவின் உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர் எனக் கணக்கிடப்படுகிறது. இதில் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம், எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன், உணவு, மருந்து முதலிய அத்தியாவசியப் பொருள்களுக்கு 100 கோடி டாலர் கடன் ஆகியவை அடங்கும். இத்தகைய கடனை மளிகைக் கடைப் பற்று நோட்டோடு ஒப்பிடலாம். பணம் கைக்கு வராது. பொருள் வரும், தொகை கணக்கில் ஏறும். டாலரே இல்லாத நேரத்தில் இலங்கையின் பெட்ரோல் நிலையங்களை ஓரளவேனும் இயங்க வைத்தது இந்த ஏற்பாடுதான்.

தமிழ்நாட்டின் கப்பல்கள்

அயலுறவு ஒன்றியப் பட்டியலில் உள்ளதால் ஒரு மாநிலம் தானாக வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப இயலாது. எனவே ஒன்றிய அரசின் அனுமதி கோரி 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. 80 கோடி ரூபாயில் 40,000 டன் அரிசி, 28 கோடி ரூபாயில் மருந்துகள், 15 கோடி ரூபாயில் 500 டன் பால்மாவு என மொத்தம் 123 கோடி ரூபாய்க்குத் திட்டமிடப்பட்டது. முதல் கப்பலை மே 18 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார்.

தொடக்கத்தில் இவ்வுதவி இலங்கைத் தமிழருக்கு என்றே பேசப்பட்டது. தமிழருக்கு மட்டும் எனப் பிரித்து அனுப்ப வேண்டாம் என்று அங்குள்ள தமிழர் தரப்பிலிருந்தே கருத்து வந்ததால், இலங்கை மக்கள் அனைவருக்குமாக அது மாற்றப்பட்டது. போரில் அவ்வளவு இழந்த சமூகம் இப்படிக் கேட்டது இந்நிகழ்வில் தனியே குறிப்பிடத்தக்கது.

40,000 டன் என்பது 4 கோடி கிலோ. ஏறத்தாழ 2.2 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு கிலோகூட வராது. சில வேளைப் பசியை அது தணித்திருக்கும். நாட்டின் கடனைத் தீர்க்க அது போதாது.

நாணய நிதியம்

கடன் கொடுத்த நாடுகளின் உறுதிமொழி இல்லாமல் நிதியம் பணம் தராது. 2023 ஜனவரியில் அதை முதலில் அளித்த நாடு இந்தியா. அவ்வாண்டு மார்ச் 20 அன்று ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. வரி உயர்வும் மின்கட்டண உயர்வும் இத்திட்டத்தோடு சேர்ந்தே வந்தன. அவற்றின் சுமை எளிய குடும்பங்களையும் அழுத்தியது.

திண்டுக்கல்லில்

நெருக்கடியால் 2022 மார்ச் 22 முதல் இலங்கைத் தமிழர் மீண்டும் படகுகளில் இராமேசுவரம் பகுதிக்கு வந்தனர். அவர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டனர். 1983க்குப் பின் வந்தவர்களின் குடும்பங்களோ திண்டுக்கல் நகரை ஒட்டிய தோட்டனூத்து, அடியனூத்து முதலிய முகாம்களில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வந்தன. 2022 செப்டம்பர் 14 அன்று தோட்டனூத்தில் அவர்களுக்காகக் கட்டப்பட்ட 321 வீடுகள் திறக்கப்பட்டன. வீடு கிடைத்தாலும் குடியுரிமைச் சிக்கல் தீரவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.