உள்ளூர்க் கேள்வியா, ஏற்றுமதியா?

'பொருளாதாரம் வளர்ந்துள்ளது' என்ற செய்தி வந்தால் வியாபாரிகளாகிய நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த வளர்ச்சி எதிலிருந்து வந்தது என்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. கடை நடத்துபவருக்கு அதுவே முக்கியம் என்பது எனது அபிப்பிராயம்.

வளர்ச்சிக்குப் பிரதானமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உள்நாட்டுக் கேள்வி. மக்கள் சாமான் வாங்குவதும், வீடு கட்டுவதும், அரசாங்கம் வீதி போடுவதும் இதில் அடங்கும். மற்றையது ஏற்றுமதி. இந்தியா போன்ற பெரிய நாட்டுக்கு உள்நாட்டுக் கேள்வி பெரும் பலம். நமது நிலைமை வேறு. எரிபொருள், கோதுமை, பால்மா, புடவை என்று நாம் விற்கும் பலவும் கப்பலில் வருபவை. எனவே இங்கு கேள்வி கூடினால் டொலர் செலவும் கூடும்.

2000ஆம் ஆண்டில் நமது பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 39 வீதமாக இருந்தது. 2010இல் அது சுமார் 20 வீதம். யுத்தம் முடிந்த பின்னர் 2010 முதல் 2012 வரை பொருளாதாரம் வருடத்துக்கு 8 வீதமும் அதற்கு மேலும் வளர்ந்தது. அதில் பெரும் பங்கு கட்டட நிர்மாணத்துக்கும் உள்ளூர் வியாபாரத்துக்கும் உரியது. பற்றாக்குறையாக இருந்த டொலரைக் கடனாலும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணத்தாலும் நிரப்பினோம். 2020இல் கொவிட் காரணமாக உல்லாசப் பயணத்துறையும் முடங்கியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

இது கடைக்குள் எப்படி வந்தது? 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாவானது. 10 டொலருக்கு இறக்கிய பொருளை 2,300 ரூபாவுக்கு விற்றவர் 300 ரூபா இலாபம் என்று எண்ணியிருப்பார். அதே பொருளை மீண்டும் இறக்க 3,600 ரூபா தேவைப்பட்டது. இலாபம் என்று நினைத்தது முதலையே தின்றுவிட்டது.

அப்படியானால் உள்நாட்டுக் கேள்வி கூடாததா? இல்லை. 2008 உலக நெருக்கடியில் ஏற்றுமதி வீழ்ந்தபோது சீனா 4 ட்ரில்லியன் யுவான் திட்டத்தால் உள்நாட்டுக் கேள்வியைத் தூக்கி நிறுத்தியது. அதன் கையில் அப்போது சுமார் 2 ட்ரில்லியன் டொலர் ஒதுக்கம் இருந்தது. முதலில் சம்பாதித்தது, பிறகு செலவழித்தது. நாம் கடன் வாங்கிச் செலவழித்தோம்.

நமக்கான பாடம் இதுதான். கடையில் சனம் நிறைந்திருப்பதை மட்டும் பார்த்துக் கடனில் சரக்கை நிரப்பாதீர்கள். இலாபத்தைக் கணக்கிடும்போது பழைய கொள்விலையை அல்ல, மீண்டும் வாங்கும் விலையைப் பாருங்கள். இயன்றவர்கள் டொலர் வரும் தொழில் ஒன்றிலும் கால் வையுங்கள். பேருவளை மாணிக்க வியாபாரிகள் நமக்குப் புதியவர்கள் அல்லர். கறுவா, மிளகு, தைத்த ஆடை என்று வழிகள் உண்டு. நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியாதவர் ஏற்றுமதியாளருக்குப் பொருள் வழங்கலாம். செழிப்பான ஆண்டுகளில் பஞ்ச காலத்துக்காகச் சேமித்து வைத்த நபி யூசுப் (அலை) அவர்களின் வழிமுறை நாட்டுக்கும் பொருந்தும், நமது கல்லாப்பெட்டிக்கும் பொருந்தும்.