வெள்ளிக்கிழமை வரும் பிள்ளை



மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் சில்க்போர்க்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வருகிறான். ஞாயிறு பின்னேரம், தன்னை வளர்க்கும் டெனிஷ் குடும்பத்திடம் திரும்பிப் போகிறான். எங்களைப் போன்ற வீட்டை டெனிஷில் 'அவ்லாஸ்ட்னிங்ஸ்' குடும்பம் என்கிறார்கள். பிள்ளைக்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கும் கொஞ்சம் ஆறுதல் கொடுக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இருவரும் தொழிற்சாலையில் காலை ஐந்து மணி வேலைக்குப் போகிறவர்கள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர்கள். மனநலம் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பிள்ளை படிப்பித்ததைத்தான் எழுதுகிறோம். இரகசியம் காக்கும் கடமை எங்களுக்கு உண்டு. ஆகவே அவனுடைய வயது, ஊர், வீட்டு விபரம் எதையும் இங்கே தரவில்லை. வேறொரு கொம்யூனைச் சேர்ந்தவன் என்று மட்டும் சொல்லலாம். யாரென்று தேட வேண்டாம்.

முதல் சனிக்கிழமை கட்டில் விரிப்பை மாற்றும்போது தலையணைக்குக் கீழே இரண்டு துண்டுப் பாணும், கடதாசியில் சுற்றிய ஒரு கோழித் துண்டும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து விரும்பியதை எடுக்கலாம் என்று வந்த அன்றே சொல்லியிருந்தோம். பிறகு ஏன் களவெடுத்து ஒளிக்க வேண்டும்? "ஏனப்பு ஒளிச்சு வைச்சனி?" என்று கேட்டோம். குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறோம். பிள்ளை மரக்கட்டை போல நின்றான். அழவில்லை, பதில் சொல்லவில்லை, கண் நிலத்தை விட்டு அசையவில்லை. அரை மணித்தியாலம் அப்படியே. அன்றிரவு சப்பாத்தோடு படுத்தான்.

அந்தச் சப்பாத்துத்தான் எங்களுக்கு உறைத்தது. 2009இல் வன்னியில் நாங்களும் செருப்போடு படுத்தவர்கள். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழும்பி ஓடலாம் என்று படுத்தவர்கள். டென்மார்க்கில் பிறந்த இந்தப் பிள்ளை செல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் அவனும் ஒரு போர் நடந்த வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறான்.

எங்களுக்கு வழிகாட்ட வரும் ஆலோசகர் இதை இப்படி விளக்கினார். ஆபத்து வரும்போது மூளையில் ஒரு மணி அடிக்கும். ஓடு, அடி, அல்லது அசையாமல் நில் என்று அது உடலுக்குக் கட்டளை போடும். நீண்ட காலம் பயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணி சின்ன விடயத்துக்கும் அடிக்கும். கதவு அடித்துச் சாத்தினால் அடிக்கும். யாராவது புருவத்தை நெரித்தால் அடிக்கும். மணி அடிக்கும் நேரத்தில் புத்தி சொல்லி வேலையில்லை, ஏனென்றால் யோசிக்கும் பகுதி அப்போது ஒழுங்காக வேலை செய்வதில்லை. பொய், களவு, பிடிவாதம், திமிர் என்று நாம் பெயர் வைப்பவற்றில் பல, அந்தப் பிள்ளை உயிர் தப்பக் கற்றுக்கொண்ட வழிகள். அவற்றை அடித்தோ வெருட்டியோ நிறுத்தப் பார்த்தால் மணி இன்னும் பலமாக அடிக்கும்.

அவனுக்கு ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் விளையாடுவார்கள், படம் கீறுவார்கள். அது நல்லது, தேவையானது. ஆனால் ஒரு கிழமையில் 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. மிச்சம் 167 மணித்தியாலமும் பிள்ளை யாரோடு இருக்கிறான்? வளர்ப்புத் தாய் தகப்பன், வகுப்பு ரீச்சர், பஸ் சாரதி, எங்களைப் போன்றவர்கள். கூடுதலான மருந்து அந்த மணித்தியாலங்களில்தான் இருக்கிறது என்று இப்போது நாங்கள் நம்புகிறோம்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு மூடியுள்ள பெட்டியைக் கொடுத்தோம். இது உன்னுடையது, இரவில் பசித்தால் சாப்பிடுவதற்கு இதில் என்னவும் வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கழுவித் தருவோம் என்று சொன்னோம். வெள்ளி வந்தவுடன் மூன்று நாளும் என்ன நடக்கும், யார் வருவார்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறோம். சொன்னதை மாற்றுவதில்லை. மாற்ற வேண்டி வந்தால் முதலே சொல்கிறோம். அவன் மரக்கட்டையாக நிற்கும்போது கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறோம். இவ்வளவுதான். இதற்குப் பொறுமை வேண்டும், எங்கள் இருவரில் ஒருவருக்கு அது கொஞ்சம் குறைவு. யாரென்று சொல்ல மாட்டோம்.

இந்த அறிவு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் குண்டு விழுந்த காலத்தில் அன்னா புரொயிட், டொறதி பேர்லிங்கம் என்ற இரு பெண்கள் ஹாம்ஸ்டெட் பகுதியில் சிறு பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்தினார்கள். தாயோடு குண்டுச் சத்தத்தில் இருந்த பிள்ளைகளை விட, பாதுகாப்பான இடத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் கூடுதலாக உடைந்து போனதை அவர்கள் கண்டார்கள். பங்கருக்குள் அம்மாவின் மடியில் கிடந்தவர்களுக்கு இது விளங்கும். பிறகு அவர்கள் தம் இல்லத்தையே மாற்றினார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்ப்பதை விட்டு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்று சின்னக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள்.

எமது மண்ணிலும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் யேசுசபைக் குருவானவர் போல் சற்குணநாயகம், கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகன் ஆகியோருடைய முயற்சியில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், விளையாடினார்கள். 2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தார் 31 பிள்ளைகளுக்கு இரண்டு வழிகளில் உதவிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் ஆலோசகருடன் இருந்து தம் வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் உடல் தளர்த்தலும் பழகினார்கள். ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் வழியில் 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே அவர்கள் 2009இல் எழுதினார்கள். உடன் இருந்து உதவியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். எம்மவராலும் முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

டெனிஷ்காரர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள் என்றும் எண்ண வேண்டாம். கோட்ஹவன் போன்ற சிறுவர் இல்லங்களில் பிள்ளைகள் அடித்தும் அவமானப்படுத்தியும் வளர்க்கப்பட்டதை 2005இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வெளியே கொண்டுவந்தது. 2019 ஆவணி 13ஆம் திகதி பிரதமர் மெற்ற பிரெடெரிக்சன் அவர்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர்கள் கிழவர்களாகியிருந்தார்கள். கிறீன்லாந்துப் பெற்றோரை டெனிஷ் அளவுகோலால் அளந்த உளவியல் சோதனைகள் 2025 வைகாசியில்தான் நிறுத்தப்பட்டன. ஆகவே "கொம்யூன் பிள்ளையைப் பறிச்சுப் போடும்" என்ற எமது சனத்தின் பயம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அந்தப் பயத்தினால் உதவி கேட்காமல் வீட்டுக்குள் மூடி வைத்தால் பிள்ளைதான் அழிகிறது. பிள்ளையை அடிப்பது இந்த நாட்டில் 1997 தொடக்கம் சட்டவிரோதம். 2024 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த 'பார்னெட்ஸ் லோவ்' என்ற பிள்ளைகள் சட்டத்தின்படி, பத்து வயதான பிள்ளை தன்னுடைய வழக்கில் தானே ஒரு தரப்பு. கூட்டங்களுக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். வீட்டை விட்டு வெளியே வளரும் பிள்ளையின் மொழி, சமயம், பண்பாடு தொடர்வதைக் கவனிக்க வேண்டும் என்று ஐ.நா. சிறுவர் சாசனத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இனி எங்களுக்கு நோகும் இடம். அவனை ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டிப் போனோம். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று ஆசை. ஒரு அக்கா, நல்ல மனுசிதான், அவன் கையில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு, "உன்ரை அம்மா ஏன் உன்னை விட்டவ?" என்று கேட்டா. பக்கத்தில் இரண்டு பேர் காது கொடுத்தார்கள். பிள்ளை மலசலகூடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். முக்கால் மணித்தியாலம் வெளியே நிலத்தில் இருந்து, கதவுக்குள்ளால் அவனுக்குச் சாப்பாட்டுக் கதை சொன்னோம். பிழை அந்த அக்காவில் மட்டுமில்லை. யாரெல்லாம் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று முதலே அவனைத் தயார்படுத்தாமல் கூட்டிப் போனது நாங்கள்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டுமல்ல சமூகம் முழுவதையும் காயப்படுத்தியது என்று நீண்ட காலமாக எழுதி வந்திருக்கிறார். பெற்றோரின் காயத்தை விளங்காமல் பிள்ளையின் காயம் விளங்காது. சில்க்போர்க்கில் இல்ட்பெஸ்ற் நடக்கும் இரவுகளில் ஆற்றங்கரையில் வாணம் வெடிக்கும்போது, வடிவு பார்க்க வந்த கூட்டத்தில் எம்மவர் ஒருவர் கைகளால் தலையை மூடிக் குந்தியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அவருடைய மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட தகப்பன் கை நீட்டிவிட்டால் கெட்டவன் என்று ஒதுக்குவது இலகு. முதலிலேயே வைத்தியரிடம் கூட்டிப் போக ஒரு நண்பன் இருந்தானா என்று நாம் கேட்பதில்லை.

2014 தொடக்கம் வளர்ப்புக் குடும்பங்களையும் இல்லங்களையும் அங்கீகரித்து மேற்பார்வை செய்யும் பொறுப்பு 'சோசியல்தில்சூன்' என்ற பெயரில் ஐந்து கொம்யூன்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றில் ஒன்று எங்கள் சில்க்போர்க். உறவினர், குடும்ப நண்பர் போன்று பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்றால் பிள்ளையின் கொம்யூனே அங்கீகரிக்கும். அதற்கு 'நெற்வேர்க்' வளர்ப்புக் குடும்பம் என்று பெயர். உங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை வெளியே போக வேண்டி வந்தால், தொலைபேசியில் துக்கம் விசாரிப்பதோடு நில்லாமல், "எங்களிடம் ஒரு அறை இருக்கிறது" என்று அந்தக் கொம்யூனிடம் சொல்லுங்கள். முழு நேரம் முடியாவிட்டால் மாதத்தில் இரண்டு நாள். பிள்ளைகள் தாங்களே கதைப்பதற்கு 116 111 என்ற இலக்கம் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பத்தில் டெனிஷ் எழுத்து எங்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது, வேலை செய்யும் இடத்து நண்பர் ஒருவர்தான் திருத்தித் தந்தார். எழுத உதவி தேவையானவர்கள் பத்திரிகை மூலம் எங்களைத் தொடர்புகொள்ளலாம். அவன் நிற்கும் சனி, ஞாயிறுகளில் மட்டும் நாங்கள் தொலைபேசி எடுப்பதில்லை.