கிரியேட்டினும் தற்காப்புக் கலை மாணவர்களும்



"சார், அந்தப் பவுடரைக் குடிச்சா உதை பலமா வருமா?" கராத்தே, தேக்வாண்டோ, சிலம்பம் பழகும் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. உடல்நலம் பற்றிக் கட்டுரை எழுதுவோருக்கும் இந்த விளக்கம் உதவும்.

கிரியேட்டின் என்றால் என்ன?

1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதை இறைச்சியில் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் 'கிரியாஸ்' என்றால் இறைச்சி. நம் உடலே நாளுக்கு ஏறக்குறைய 1 கிராம் தயாரிக்கிறது. மீன், இறைச்சியிலிருந்தும் கிடைக்கிறது. கியா பார்ம் சந்தையில் குவிந்திருக்கும் காய்கறிகளில் இது அநேகமாக இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் கிரியேட்டின் இல்லை.

எப்படி உதவுகிறது?

தசையின் உடனடி எரிபொருள் ஏடிபி. வேகமாக உதைத்தால் சில நொடிகளில் தீர்ந்துவிடும். தசையில் சேர்ந்துள்ள கிரியேட்டின் அதை மறுபடி நிரப்பும். சுமார் 10 நொடிதான் தாங்கும். 3 நிமிடக் குமித்தே ஆட்டத்தில் திடீர்ப் பாய்ச்சல்களுக்கு அது போதும். முறையாகப் பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் பயன் தரும் என ஆய்வுகள் காட்டுகின்றன. பயிற்சி இல்லாமல் பவுடர் மட்டும் குடித்தால் பலம் வராது.

சிக்கல் எங்கே?

எடையில்தான். கிரியேட்டின் தசைக்குள் நீரைச் சேர்க்கும். தொடக்கத்திலேயே 1 முதல் 2 கிலோ கூடலாம். நம் நாட்டு வீராங்கனை சி. ஷாமளாராணி 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது 50 கிலோவுக்குக் கீழான பிரிவில். அத்தகைய பிரிவில் 1 கிலோ கூடினாலே ஆட்டம் போச்சு!

கூடிய எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பேராபத்து. 1997-இல் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்தனர். முதலில் கிரியேட்டின்மீது சந்தேகம் எழுந்தது. ஆனால், உயிரைப் பறித்தது நீரிழப்பும் உடல் வெப்பமும்தான். எங்கள் மலைக் குளிரில் தாகமே தெரியாது. ஆகவே இங்குள்ளோர் கூடுதல் கவனமாக இருங்கள்.

மாணவர்களுக்கு என்ன சொல்வது?

வளரும் பருவத்தினருக்கு இதன் நீண்டகால விளைவு பற்றிய ஆய்வுகள் குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பதின்ம வயதினர் பயன்படுத்துவதை ஊக்குவிப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முட்டை, மீன், பருப்பு, போதிய தூக்கம், தவறாத பயிற்சி: முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். மாணவர் எடைக்காகப் பட்டினி கிடப்பது தெரிந்தால், ஆசிரியர்களே, அன்றே பயிற்றுநரிடமும் பெற்றோரிடமும் பேசிவிடுங்கள்.